கொய்யா மரத்தடியில் மேலான உலகம்

மனாங் பூரிங்கின் வீட்டைத் தூக்கி வைக்க எங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் கபுகான் ஊரில் வீடு என்றால் மூங்கில் கால்கள் மேல் நிற்கும் ஓலை வீடுதான். ஆறு கரையை அரித்துக்கொண்டு வந்தால், தரைக்கு அடியில் நீளவாட்டிலும் குறுக்கிலும் மூங்கில்களைக் கட்டி, ஊர் ஆண்கள் தோள் கொடுத்து, வீட்டை அப்படியே மேட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். வீட்டுக்காரி பெரிய பானையில் கோழிக் கஞ்சி வைப்பாள். நான் மரம் ஏறுகிறவன், அதனால் கள் என் பொறுப்பு. மதியத்துக்குள் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விடலாம். இந்த வேலையில் சொற்பொழிவுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்ணை மனாங் என்போம், ஆணை மனோங் என்போம். மனாங் பூரிங்குக்கு அந்த வருஷம் உண்மையிலேயே அவசரம். ஆறு அவள் அடுப்படிக்குக் கீழேயே வந்துவிட்டது. கரண்டி கை நழுவினால் தரை மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீருக்குத்தான் போகும். புருஷன் மனோங் தோன்யோவுக்கு வாதம் வந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாள் முழுக்க ஜன்னலோரம் சாய்ந்து கிடந்து, போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார். மழை வலுப்பதற்குள் வீடு நகராவிட்டால் ஒரு நாள் வீடும் அவரும் சேர்ந்தே கடலுக்குப் போய்விடுவார்கள். இடமும் பார்த்தாயிற்று. மேட்டில் கொய்யா மரத்தடி, தேவாலயத்துக்குச் சொந்தமான துண்டு நிலம். பாதிரியாரும் சரி என்று சொல்லிவிட்டார்.

கெடுத்தது எங்கள் ஊர்த் தலைவர். அவரைக் கப்பித்தான் என்று கூப்பிடுவோம். கல்யாண விருந்தொன்றில் யாரிடமோ இந்த வீடு தூக்குவதைப் பற்றிப் பீற்றிக்கொள்ள, அந்த யாரோ மேலான உலகச் செயலகத்தின் ஆள்.

இந்தச் செயலகம் இலோயிலோ நகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. மனித இனம் என்றாவது ஒரு மேலான உலகத்தை அடையுமா என்ற ஒரே கேள்வியைப் பல வருஷமாக அங்கே ஆராய்ந்து வந்தார்கள். நான் ஒருமுறை அங்கே கள்ளுக்காடி கொடுக்கப் போயிருக்கிறேன். 'அடையும்' பிரிவுக்கா, 'அடையாது' பிரிவுக்கா என்று காவலாளி கேட்டார். சமையலறைக்கு என்றேன். அது இரண்டு பிரிவுக்கும் பொது என்று உள்ளே விட்டார்.

அவர்களுடைய ஆண்டு விழாவுக்கு ஒரு காட்சி தேவைப்பட்டது. ஒரு நாள் காலையில், நிறையப் பைகள் வைத்த கையில்லாச் சட்டைகளை மாட்டிக்கொண்டு மூன்று பேர் எங்கள் ஊரில் வந்து இறங்கினார்கள். மனாங் பூரிங் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் பார்வையில் மேலான உலகம் என்பது என்ன என்று கேட்டார்கள். நிலவரிக்காரர்கள் என்று நினைத்து முதலில் எதுவும் தெரியாது என்றுதான் சொன்னாள். திரும்பத் திரும்பக் கேட்கவே, ஈரக் கையை மேட்டுப் பக்கம் நீட்டினாள்.

"அதோ அந்தக் கொய்யா மரத்துக்கிட்ட."

"ஏன் அங்க?"

"அங்க தண்ணி வராது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. "இத நீங்க உருவகமாச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நாட்டுக் கொய்யா" என்றாள் மனாங் பூரிங்.

அவர்கள் போன பிறகு கப்பித்தான் வந்து, விழா நாள்வரை வீட்டின்மேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். விழா ஒருமுறை தள்ளிப்போனது, செயலகத்தின் இயக்குநர் மேலான உலகம் குறித்த மாநாட்டுக்கு வேறு நாட்டில் இருந்தார். இன்னொருமுறை தள்ளிப்போனது, பதாகையில் அவருடைய முகம் ஆளுநருடைய முகத்தைவிடச் சின்னதாக அச்சாகிவிட்டது. இதற்குள் ஆறு மனாங் பூரிங்கின் படிக்கட்டைக் கொண்டுபோய்விட்டது. அவள் கப்பித்தான் வீட்டு வாசலில் போய் நின்றாள். என்னையும் துணைக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க மனாங்" என்றார் கப்பித்தான். "நீங்க வெறும் வீடு மாத்தல. உலகத்துக்கே வழி காட்டப் போறீங்க."

"உலகத்துக்குப் படிக்கட்டு இருக்கா கப்பித்தான்? எனக்கு இல்ல."

அவர் உள்ளே போனார். தன் வீட்டு ஏணி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நல்ல மனிதர்தான். மைக்கைக் கண்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

விழா நாளும் வந்தது. விடிந்ததும் ஏழெட்டு வண்டிகளில் தூதுக்குழு வந்து இறங்கியது. பந்தல், நாற்காலிகள், வாத்தியக்குழு, எங்கே திரும்பினாலும் முகங்கள் சிரிக்கும் பதாகைகள். பெரிய பதாகையில், 'மனித இனம் மேலான உலகத்தை அடையுமா?' என்ற கேள்வி. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இயக்குநர் டாக்டர் ஒனோரியோ பெனாஃப்ளோர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றார்.

மேடையை அப்போதுதான் பார்த்தேன். முந்தைய நாள் கப்பித்தானின் ஆட்கள் மூங்கிலும் பலகையும் வைத்துக் கட்டிய நல்ல உறுதியான மேடை. வெயில் படக் கூடாது என்று கொய்யா மரத்தடியில் கட்டியிருந்தார்கள். வீடு வைக்க வேண்டிய அதே இடத்தில், ஒரு முழம்கூட மிச்சமில்லாமல்.

மரியாதை முறைகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் காதில் கருவியோடு அலைந்துகொண்டிருந்தார். அவரைப் பிடித்து, வீட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். தூக்குவது முதல் நிகழ்ச்சி, வைப்பது பதினான்காவது என்றார்.

"எப்பன்னு கேக்கல சார். எங்கன்னு கேக்குறேன்."

"அதெல்லாம் பதினாலு வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டை இடையில் இளைப்பாற வைக்க நாங்கள் கவைக் கம்புகள் வெட்டி வைத்திருந்தோம். முட்டுக்கொடுத்தால் படத்தில் மனித உழைப்பு தெரியாது என்று அவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார்கள்.

தூக்கினோம். நான் பின்பக்கம் இடது மூங்கிலில். வீடு முனகிக்கொண்டே மேலே வந்தது. உள்ளே மனோங் தோன்யோ ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி, "டேய் லாண்டோய், உன் பக்கம் சாயுதுடா, கள்ள குடிச்சிட்டு வந்தியா, வித்துட்டு வந்தியா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். மெதுவாக மேடேறி மேடைக்கு எதிரே, நாற்காலிகளுக்கு நடுவில் விட்டிருந்த பாதையில் போய் நின்றோம். வழக்கமாக அந்தத் தூரம் வந்தால் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் தேசியகீதம். அசையக் கூடாது. அடுத்து மாகாணப் பாடல். அதற்கும் அசையக் கூடாது. மூன்றாவது செயலகத்தின் சொந்தப் பாடல். அதன் கடைசி அடியை ஒரு பிரிவு 'அடைவோம்' என்றும் மறு பிரிவு 'அடையோம்' என்றும் ஒரே மெட்டில், ஒருவரை ஒருவர் அமுக்கப் பார்த்துப் பாடியது. பாடி முடித்து இரண்டு தரப்பும் கைதட்டிக்கொண்டன.

பிறகு ஒரு சிக்கல். வீடு எங்கள் தோளில் இருந்ததால் ஜன்னலில் இருந்த மனோங் தோன்யோவின் தலை, மேடையில் இருந்த இயக்குநரின் தலையைவிட உயரத்தில் இருந்தது. தலைமை விருந்தினரைவிட உயரத்தில் யாரும் அமரக் கூடாதாம். மேடையை உயர்த்த முடியாது, வீட்டைத் தாழ்த்துங்கள் என்றார் அதிகாரி. கீழே வைக்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டோம். வைத்தால் பதினான்காவது நிகழ்ச்சி முன்கூட்டியே நடந்ததாகிவிடும், தாழ்த்த மட்டும் செய்யுங்கள் என்றார். ஆகவே மண்டியிட்டோம். சேற்றில் மண்டியிட்டு, தோளில் வீட்டோடு, அன்றைய பேச்சுகளைக் கேட்டோம். பூசையில்கூட நான் அவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை.

போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விருந்தாளி பேசும்போது குறுக்கே சத்தம் போடக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம். ஒருவர் உரையாற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு வீட்டைத் தொப்பென்று போடும் அளவுக்கு வெட்கம் கெட்டவன் எங்களில் யாரும் இல்லை.

டாக்டர் பெனாஃப்ளோர் பேசினார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது.

"மேலான உலகம் சாத்தியமான்னு கேக்குறாங்க. என் அனுபவத்தச் சொல்றேன். நம்ம செயலகம் ஆரம்பத்துல ஒரு மீன் கிடங்குக்கு மேல இருந்துச்சு. அப்புறம் ரெண்டு மாடிக் கட்டடம். இப்ப கண்ணாடிக் கட்டடம், குளிர்சாதனம், கடல் தெரியுற ஜன்னல். ஒவ்வொரு தடவையும் உலகம் முன்னவிட மேலாத்தான் ஆகியிருக்கு. அதனால, நம்பிக்கைய விட்டுறாதீங்க."

மனோங் தோன்யோ ஜன்னலிலிருந்து கைதட்டினார். கேலிக்குத்தான் தட்டினார். இயக்குநர் அவரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

அடுத்தவர் பேராசிரியர் லிண்ட்ஹோல்ம், எங்கோ பனி பெய்யும் தேசத்துக்காரர். அவர் பேசப் பேச ஒரு பெண் எங்கள் பேச்சுக்கு மாற்றிச் சொன்னாள். மேலான உலகம் என்பது போய்க்கொண்டே இருக்க வேண்டிய இடம், போய்ச் சேர வேண்டிய இடம் அல்ல என்றார் அவர். தவறிப்போய் யாராவது சேர்ந்துவிட்டால் செயலகத்தை மூட வேண்டியதுதான், அப்புறம் மேலான உலகத்தைப் பற்றிக் கவலைப்பட உலகத்தில் ஆளே இருக்காது, அதைவிட மோசமான உலகம் வேறு என்ன இருக்க முடியும் என்றார். 'அடையாது' பிரிவு எழுந்து நின்று ஆரவாரித்தது. என் பக்கத்தில் மூங்கில் தாங்கிய பெர்னாபே, நிதானமான மனிதன், "கூட்டாளி, இந்தாளு தலைல வீட்டப் போட்டா பாவமா?" என்று மெல்லக் கேட்டான். பாவம்தான், ஆனால் சின்னப் பாவம் என்றேன்.

இதற்கு நடுவில் மனாங் பூரிங் விடியற்காலையிலிருந்து காய்ச்சிய கஞ்சியைத் தூதுக்குழு குடித்துவிட்டது. சமூகமே முன்வந்து தரும் சிற்றுண்டி என்று அறிவிப்பாளர் மைக்கில் சொன்னதும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஊற்றிவிட்டு, எங்கள் பக்கம் பார்த்தாள். இது உங்களுக்கு இல்லை என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. எனக்குப் பசியைவிட அந்தச் சத்தம்தான் தாங்கவில்லை. அவள் வளர்த்த மூன்று கோழிகளில் இரண்டு அந்தக் கஞ்சியில் இருந்தன.

பிறகு கப்பித்தான் பேசினார். பிறகு கப்பித்தானைப் பேச அழைத்ததற்காக ஒருவர் நன்றி சொன்னார். பிறகு எல்லாருக்கும் பாராட்டுச் சான்றிதழ். எங்களுக்கும் உண்டு. கை காலியாக இல்லாததால் ஆளுக்கொரு சான்றிதழை வாயில் கவ்வ வைத்துப் படம் எடுத்தார்கள்.

மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. காற்று பந்தலை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கியது, அது நாற்காலிகள் மேல் சரிந்தது. தூதுக்குழு மொத்தமும் மேடைக்கு ஓடியது. அதற்கு மட்டும்தான் தகரக் கூரை. வண்டிகளை ஓட்டி வந்தவர்களுக்கு அங்கே இடமில்லை, அவர்கள் எங்களோடு வீட்டுக்கு அடியில் வந்து குந்தினார்கள். அதில் ஒரு பெரியவர் எதுவும் சொல்லாமல் என் மூங்கிலுக்குத் தன் தோளையும் கொடுத்தார். இதை நான் மறக்க மாட்டேன்.

மேடையில் விவாதம் தொடர்ந்தது. பதினோராவது நிகழ்ச்சி, வாக்கெடுப்பு. மேலான உலகத்தை மனித இனம் அடையுமா, அடையாதா, கை தூக்குங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. மறுபடி எண்ணினார்கள், மறுபடி சமம். பின்னால் பெரிய மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்க்க முடியாத நிலையில் இருந்தோம். மனோங் தோன்யோதான் ஜன்னலிலிருந்து பார்த்துச் சொன்னார். கரையில் பாதி இடிந்து ஆற்றில் விழுந்திருந்தது. வீடு நின்ற இடத்தில் ஒரு மேடை அளவுக்குத்தான் மண் மிச்சம் இருந்ததாம். அவர் குரலில் அப்போது கேலி இல்லை. "பூரிங், நாம இனி திரும்பிப் போக முடியாதுடி" என்றார்.

அவளுக்கு அதைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது. பழைய இடமும் இல்லை, புது இடத்தில் தூதுக்குழு நிற்கிறது, வீடு எங்கள் தோளில். அப்போதுதான் மேடையிலிருந்து இயக்குநர் அவளைப் பார்த்தார். வாக்குகள் சமம், ஒரு சாமானியக் குரல் முடிவு செய்யட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மைக்கை ஓரத்துக்கு எடுத்துவந்து, குனிந்து அவள் வாயருகே நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க தாயே. மேலான ஒரு உலகம் நம்மால முடியுமா?"

மழையில் அவள் தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், அவர் காலடியைப் பார்த்தாள், திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"முடியும் சார்" என்றாள். "நீங்க கொஞ்சம் நகந்தீங்கன்னா."

கைதட்டல் காதைப் பிளந்தது. 'அடையும்' பிரிவு ஆனந்தக் கண்ணீர் விட்டது. 'அடையாது' பிரிவு 'ன்னா' என்ற நிபந்தனையைப் பதிவு செய்யும்படி கேட்டது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இயக்குநர் அந்த வாக்கியத்தை அடுத்த ஆண்டு விழாவின் தலைப்பாக அறிவித்தார். யாரும் நகரவில்லை.

மனாங் பூரிங் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேடையின் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலின் கீழே போய்த் தோளைக் கொடுத்தாள். ஒற்றைப் பெண் மேடையை என்ன செய்ய முடியும்? ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தி மூங்கிலுக்கு அடியில் நின்றால் மற்றவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். பெர்னாபேயின் மனைவி போனாள். சந்தைப் பெண்கள் போனார்கள். வாத்தியக்குழு கொம்புகளைத் தரையில் வைத்துவிட்டுப் போனது. ஓட்டுநர்கள் அத்தனை பேரும் போனார்கள், தங்கள் முதலாளிகள்தான் மேலே இருக்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை. கப்பித்தான் மேடையிலிருந்து எட்டிப்பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தது, இறங்கி வந்து முன் மூங்கிலைப் பிடித்தார். தாளம் சொல்வது எப்போதும் அவர்தான், அன்றும் அவரே சொன்னார்.

மேடை தூதுக்குழுவோடு எழுந்தது. நிகழ்ச்சி நிரலில் இதுவும் ஒன்று என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மேலான உலகத்தை நோக்கி நாம் எல்லாரும் நகர்கிறோம் என்று அறிவிப்பாளர் தழுதழுத்தாள். எங்களைச் சுற்றிக்கொண்டு, சறுக்கியும் வழுக்கியும் மேட்டிலிருந்து இறங்கி, காலியாக இருந்த ஒரே சமதளத்தில், ஆற்றங்கரையில் பாதி இடிந்து மீந்திருந்த அந்த இடத்தில், மேடையை வைத்தார்கள்.

நாங்கள் எழுந்தோம். முட்டி எழவில்லை, நாங்கள்தான் எழுந்தோம். கொய்யா மரத்தடிக்குப் போய் வீட்டை இறக்கினோம். நாலு மூலையும் மண்ணில் பதிந்தது. மனாங் பூரிங் ஓடிவந்து ஒரு மூங்கில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. மனோங் தோன்யோ ஜன்னலிலிருந்து, அடுப்படி கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், மேற்குப் பார்த்து வைத்துவிட்டீர்கள், மறுபடி தூக்குங்கள் என்றார்.

ஆற்றங்கரையில் பன்னிரண்டாவது நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. வருங்காலத் தலைமுறைக்கு ஒரு செய்தி. அது பாதியில் நின்றது. தண்ணீர் மேடைக் கால்களைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது. பிறகு டாக்டர் பெனாஃப்ளோரின் குரல் வந்தது. அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதுதான் சின்னப் பேச்சு.

"எங்கள யாராச்சும் தூக்குங்கப்பா."

போனோம். போகாமல் என்ன செய்வது? மனாங் பூரிங்தான் முதலில் போனாள். நான் மறுபடியும் பின்பக்கம் இடது மூங்கிலுக்கே போனேன், பெர்னாபே என் பக்கத்தில். கப்பித்தான் தாளம் சொல்ல, சேற்றிலிருந்து மேடை மெல்லப் பிடுங்கிக்கொண்டு வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, அத்தனை பேரையும் தோளில் ஏந்திக்கொண்டு, நான் அண்ணாந்து பார்த்தேன். இயக்குநர் மைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வைக்கணும் சார்?" என்று கேட்டேன். "சீக்கிரம் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைத் தட்டிப் பார்த்தார்.